மார்செல் ஜேகப்ஸ்: அந்த 9.80 எங்கிருந்து வந்தது?

நூறுமீட்டர்

ஒலிம்பிக் 100 மீட்டர் பற்றிப் பேச்செடுத்தாலே, டோக்கியோவில் 9.80 நொடியில் தங்கம் வாங்கிய இத்தாலிய வீரர் மார்செல் ஜேகப்ஸை இரண்டு வரியில் தள்ளிவிடுகிறார்கள். ஒன்று, "அப்பா அமெரிக்கக் கறுப்பினத்தவர், ரத்தத்திலேயே ஓட்டம் இருக்கு." இன்னொன்று, "எங்கிருந்தோ வந்தார், ஒருநாள் ஜெயிச்சார், அவ்வளவுதான்." இன்னொரு இழையிலும் இதே பேச்சு ஓடியதால் தனியாக ஒன்று தொடங்குகிறேன். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1994 செப்டம்பரில் டெக்ஸாஸ் மாநிலத்து எல் பாசோவில் பிறந்தவர். அப்பா அமெரிக்க ராணுவ வீரர். வடக்கு இத்தாலியில் விசென்சா என்ற ஊரில் அமெரிக்கப் படைத்தளம் இருக்கிறது, அங்கே பணியில் இருந்தபோதுதான் விவியானா மசினி என்ற இத்தாலியப் பெண்ணைச் சந்தித்தார். குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே அப்பாவுக்குத் தென் கொரியாவுக்கு மாற்றல். அம்மா கைக்குழந்தையோடு இத்தாலிக்குத் திரும்பி, கார்தா ஏரிக்கரையில் தெசென்சானோவில் வளர்த்தார். வீட்டில் பேசியது இத்தாலி மொழி. ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நேரத்தில்கூட ஆங்கிலப் பேட்டி என்றால் திணறுவார். வளர்ந்த காலத்தில் அப்பாவோடு தொடர்பே கிடையாது.

பத்து வயதில் தடகளத்துக்கு வந்தார். முதலில் ஓட்டம், அப்புறம் நீளம் தாண்டுதல். இருபத்தைந்து வயதை நெருங்கும்போதுதான் 100 மீட்டரை முழுதாகக் கையில் எடுத்தார். 2021 ஆகஸ்ட் 1, டோக்கியோ, 9.80. ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் இறுதிக்குப் போன முதல் இத்தாலியரே அவர்தான், போன வேகத்தில் தங்கம்.

இந்திய நேரம் மாலை 6.20. நம்மூரில் பாதிப்பேர் அப்போது பிரிட்டனோடு நடந்த ஹாக்கி காலிறுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்த ஓட்டம் இங்கே சரியாகப் பேசப்படவே இல்லை. இப்போதாவது பேசுவோம்.

ஸ்பைக்கு

நல்ல இழை. ஆனால் நான் எதிர்க்கட்சி.

அம்மா வளர்த்தார், இத்தாலியில் வளர்ந்தார், எல்லாம் சரி. அந்த உடம்பு எங்கிருந்து வந்தது? 1960இல் ரோமில் லிவியோ பெருத்தி 200 மீட்டர் தங்கம் வாங்கினார். 1979இல் பியெத்ரோ மென்னேயா மெக்சிகோ சிட்டியில் 200 மீட்டரை 19.72இல் ஓடி உலக சாதனை வைத்தார், அது 1996 வரை நின்றது. இத்தாலிக்கு ஓட்ட மரபு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 100 மீட்டரில் மென்னேயாவின் 10.01ஐத் தாண்ட 2018 வரை காத்திருந்தார்கள். அதன்பின் மூன்றே வருடத்தில் 9.80. நடுவில் என்ன மாறியது? அப்பா வழி வந்த மரபணுதானே?

தாண்டுகுழி

ஸ்பைக்கு தம்பி, 2018இல் மென்னேயாவைத் தாண்டியது ஜேகப்ஸ் இல்லை. ஃபிலிப்போ தோர்த்து. சார்தீனியத் தீவுக் குடும்பத்துப் பையன், சொந்த அப்பாதான் பயிற்சியாளர். மட்ரிட்டில் 9.99. பத்து நொடிச் சுவரை இத்தாலிக்காக முதலில் உடைத்தது அவர்தான். உங்கள் கணக்கின் முதல் படியே அங்கே ஆடுகிறது.

நான் பள்ளி, கல்லூரி நாட்களில் நீளம் தாண்டியவன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜேகப்ஸ் கதை வேறு மாதிரித் தெரியும்.

2016இல் பிரெசானோனே என்ற ஊரில், இத்தாலிய 23 வயதுக்குட்பட்டோர் போட்டியில் அவர் தாண்டியது 8.48 மீட்டர். அந்த வருடம் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் போன தூரம் 8.38. ஆனால் முதுகுப்புறக் காற்று நொடிக்கு 2.8 மீட்டர், அனுமதி 2.0 வரைதான். எனவே பதிவேட்டில் அது ஏறவில்லை. கணக்கில் சேர்ந்த அவருடைய சிறந்த தாண்டல் 2017இல் உள்ளரங்கில் 8.07. ரியோவுக்கே அவர் போகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நீளம் தாண்டுபவருக்கு ஓடுபாதை நாற்பது மீட்டரைச் சுற்றித்தான். அந்தத் தூரத்துக்குள் வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகணும், ஆனால் கட்டுப்பாடு போகக்கூடாது. கடைசி இரண்டு அடி வைக்கும்போது இடுப்பு லேசாக இறங்கி, பலகையில் பாதம் தட்டையாக விழணும். இருபது சென்டிமீட்டர் பலகை அது. வேகம் அதிகமானால் அடி தவறும், அடியைப் பார்த்தால் வேகம் குறையும். வருடக்கணக்கில் இதைச் செய்தவனுக்கு ஒரு குணம் வந்துவிடும்: முழு வேகத்தில் போகும்போதும் உடம்பு இறுகாது. தோள் மேலே ஏறாது, தாடை தளர்வாக இருக்கும். டோக்கியோ இறுதியில் அறுபது மீட்டருக்கு அப்புறம் ஜேகப்ஸின் முகத்தைப் பாருங்கள். பக்கத்துப் பாதையில் இருப்பவர்கள் பல்லைக் கடிக்கிறார்கள், இவருடைய கன்னம் ஆடுகிறது. அது பலகையைத் தேடித் தேடி ஓடியவனின் தளர்வு.

அவரை நீளம் தாண்டுவதிலிருந்து விரட்டியது முழங்கால் வலி. உதைத்து எழும்பும் கால் ஒவ்வொரு தாண்டலிலும் உடல் எடையைப்போலப் பல மடங்கைத் தாங்கும். வலி பொறுக்காமல்தான் ஓட்டத்துக்கே வந்தார். அவருக்குப் பயிற்சி கொடுத்த பவ்லோ கமோசியும் ஓட்டக்காரர் இல்லை, மும்முறைத் தாண்டுதல் வீரர். 2001இல் லிஸ்பனில் உலக சாதனைக்காரர் ஜொனாதன் எட்வர்ட்ஸையே பின்னுக்குத் தள்ளி உலக உள்ளரங்கப் பட்டம் வாங்கியவர். குழியில் வளர்ந்த இரண்டு பேர் சேர்ந்து செய்த 100 மீட்டர் அது. இதில் எந்த வரியிலாவது "அமெரிக்க ரத்தம்" இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை

ஆண்டு வாரியாக அவருடைய சிறந்த நேரம்:

2018: 10.08
2019: 10.03
2020: 10.10
2021: 9.95 (சவோனா, மே), பிறகு டோக்கியோவில் 9.94, 9.84, 9.80

டோக்கியோ அரையிறுதியைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்த ஓட்டத்தில் அவர் மூன்றாவது! சீனாவின் சூ பிங்தியான் 9.83, ரோனி பேக்கர் 9.83, இவர் 9.84. முதல் இரண்டு இடம்தான் நேரடித் தகுதி. இவர் நேரத்தின் அடிப்படையில் உள்ளே வந்தார். அதே 9.84 அப்போதைய ஐரோப்பிய சாதனை. அதற்கு முன் 9.86, போர்ச்சுகலின் ஒபிக்வேலுவும் பிரான்சின் விகோவும் வைத்திருந்தது.

இறுதியில் காற்று வெறும் 0.1. ஃப்ரெட் கெர்லி 9.84, ஆந்த்ரே டி கிராஸ் 9.89. எல்லோரும் வெல்வார் என்று சொன்ன ட்ரேவான் ப்ரோமெல் அரையிறுதியிலேயே போய்விட்டார். ஷார்னெல் ஹியூஸ் தவறான தொடக்கத்தால் வெளியே. அரையிறுதியில் ஆசிய சாதனை வைத்த சூ, இறுதியில் 9.98க்கு இறங்கிவிட்டார். ஒரே மாலையில் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் இரண்டு ஓட்டம், இரண்டாவதில் இன்னும் வேகமாக ஓடியதுதான் அவர் ஜெயித்த விதம்.

ஸ்பைக்கு

தோர்த்து விஷயம் சரி. ஆனால் நேரப் பட்டியலைப் பார்த்தால் வேறு கேள்வி வருகிறது. 2020இல் 10.10, அடுத்த வருடம் 9.80. இருபத்தாறு வயதில் ஒரே வருடத்தில் 0.30 நொடி குறைவது இயல்பா? அப்போதே பிரிட்டன், அமெரிக்கப் பத்திரிகைகள் சந்தேகப்பட்டு எழுதின. அதையும் பேசத்தானே வேண்டும்?

நூறுமீட்டர்

பேசலாம். மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் 2020ஐ அளவுகோலாக வைக்காதீர்கள். பெருந்தொற்றில் மைதானங்கள் பூட்டிக்கிடந்த வருடம், இத்தாலி ஐரோப்பாவிலேயே முதலில் அடிபட்ட நாடு. 2019இன் 10.03இலிருந்து 2021 மே மாதத்து 9.95 என்பது இரண்டு வருடத்தில் 0.08. அதில் யாருக்கும் புருவம் உயராது.

இரண்டாவது, 2021 மார்ச்சில் போலந்தின் தோருனில் ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டி, 60 மீட்டர், 6.47, தங்கம். இந்தத் துறையைப் பின்தொடர்பவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். 60இல் 6.47 ஓடுகிறவன் 100இல் 9.8க்கும் 9.9க்கும் நடுவில் வருவான் என்று பயிற்சியாளர்கள் போடும் கணக்குதான். "எங்கிருந்தோ வந்தார்" என்று எழுதியவர்கள் அமெரிக்க லீக் போட்டிகளை மட்டும் பார்த்தவர்கள்.

மூன்றாவது, ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருவர் மீது அப்போது விசாரணை நடந்தது. ஜேகப்ஸ் அவரோடு முன்பு வேலை செய்திருந்தார் என்பதை வைத்துத்தான் செய்தி பெரிதாக்கப்பட்டது. அந்த விசாரணையில் ஜேகப்ஸின் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவருடைய எந்தச் சோதனையும் தவறாக வரவில்லை. தொடர் ஓட்டத்தில் இத்தாலியோடு மோதிய பிரிட்டன் அணியில்தான் ஒருவர் ஊக்கமருந்தில் சிக்கி, நாலு பேரின் வெள்ளியும் பறிபோனது. சந்தேகம் யார் பக்கம் முதலில் திரும்பியது, ஏன் திரும்பியது என்பதை யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிடி_டீச்சர்

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. "ரத்தத்தில் இருக்கு" என்ற பேச்சை ஒவ்வொரு விளையாட்டு விழாவிலும் கேட்கிறேன். ஒரு பையன் ஜெயித்தால் "அவங்க தாத்தா பெரிய ஓட்டக்காரர்" என்பார்கள். காலையில் ஐந்தரை மணிக்கு அவன் மைதானத்துக்கு வந்தது யார் கண்ணிலும் படாது.

மரபணு என்றால் இரண்டு பக்கமும் வருவது. ஜேகப்ஸ் விஷயத்தில் எல்லோரும் அப்பா பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், அம்மா பாதியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கேட்காமலேயே முடிவு செய்கிறார்கள், ஏனென்றால் அம்மா வெள்ளைக்காரர். "வேக மரபணு" என்று பத்திரிகைகள் பேர் வைத்த ஏசிடிஎன்3 இருக்கிறதே, அதன் வேலை செய்யும் வடிவம் உலகத்தில் ஐந்தில் நாலு பேருக்கு ஒரு பிரதியாவது உண்டு. உங்கள் தெருவில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். அது இருந்தால் போதும் என்றால் என் வகுப்பில் பாதிப்பேர் ஒலிம்பிக்கில் இருக்கணும்.

அப்பா இந்தக் கதையில் வேறொரு இடத்தில் வருகிறார், எனக்கு அதுதான் முக்கியம். 2020 வாக்கில் ஜேகப்ஸ் நிக்கோலெத்தா ரொமனாட்சி என்ற மனப் பயிற்சியாளரிடம் போனார். பெரிய போட்டிகளில் கால் இறுகிப்போகிறது, பயிற்சியில் வரும் ஓட்டம் அங்கே வருவதில்லை. அவர் தோண்டிப் பார்த்துச் சொன்னது, அப்பாவோடு பேசு என்பதுதான். சின்ன வயதில் பள்ளியில் "உன் அப்பா யார்" என்று கேட்டால் பதில் இல்லாமல் நின்றதைப் பற்றி டோக்கியோவுக்குப் பிறகு ஜேகப்ஸே வெளிப்படையாகப் பேசினார். அப்பாவோடு செய்தி அனுப்பிப் பேச ஆரம்பித்தார்கள். பிரமாதமான சமரசம் என்றெல்லாம் இல்லை, அறிமுகம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அதற்கடுத்த பருவம்தான் 9.80.

ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அப்பா கொடுத்தது தசையை மட்டும் என்று சொல்கிறவர்கள், அந்தப் பிள்ளை இருபத்தைந்து வருடம் எதைச் சுமந்துகொண்டு ஓடியது என்பதைப் பார்க்கவில்லை.

தாண்டுகுழி

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. இறுகிப்போவது தசைப் பிரச்சினை இல்லை என்பதைப் பயிற்சி கொடுப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

பலெர்மோவிலிருந்து

வணக்கம். நான் ஈழத்திலிருந்து வந்து இத்தாலியின் பலெர்மோவில் குடியிருக்கிறேன். எங்கட சனம் இங்கே கணிசமாக இருக்கிறது. சாந்தா ரொசாலியா மலைக்கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்தால் தெரியும், தமிழ்க் குரல்தான் எல்லா இடமும்.

ஜேகப்ஸைப் பற்றி நீங்கள் எல்லாரும் கதைக்கிறது சந்தோசம். ஆனால் இங்கே அந்த வாரம் எங்கட வீடுகளில் அதிகம் கதைத்த பெயர் ஜேகப்ஸ் இல்லை, தேசாலு.

ஆகஸ்ட் 6ந் திகதி நாலு தர 100 மீட்டர் தொடர் ஓட்டம். லொரென்சோ பாத்தா, ஜேகப்ஸ், பாவுஸ்தோ தேசாலு, தோர்த்து. 37.50. பிரிட்டன் 37.51. கடைசி மீட்டரில் தோர்த்து பிடித்தார். அந்த மூன்றாம் ஓட்டத்தை, வளைவில், ஓடியவர் தேசாலு. வட இத்தாலியில் கசல்மஜோரே என்ற ஊரில் பிறந்தவர், தாய் தகப்பன் நைஜீரியர். தாய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை செய்து தனியாளாக வளர்த்தவர். எங்கட பெண்களில் எத்தனை பேர் இங்கே அதே வேலை செய்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஜேகப்ஸ் அமெரிக்காவில் பிறந்தும் பிறந்த நாள் முதல் இத்தாலியர், ஏனென்றால் தாய் இத்தாலியர். தேசாலு இத்தாலியில் பிறந்து, இத்தாலியில் படித்து, இத்தாலிக் கழகத்துக்கு ஓடியும் 18 வயது வரைக்கும் இத்தாலியர் இல்லை. 1992ம் ஆண்டுச் சட்டம் அது. வெளிநாட்டவர் பிள்ளை இங்கே பிறந்து, இடைவிடாமல் இங்கேயே இருந்து, 18 ஆனதும் ஒரு வருசத்துக்குள் விண்ணப்பிக்கவேணும். அந்த ஒரு வருசத்தைத் தவறவிட்டால் நீண்ட வழியால் போகவேணும். 2016இல் ஒரு சட்டம் வந்தது, சின்ன வயதிலேயே வந்து குடியிருக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளைப் போலவே விளையாட்டுக் கழகங்களில் பதியலாம் என்று. கழகச் சட்டை கிடைக்கும். நாட்டின் நீலச் சட்டை கிடைக்காது.

ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்து ஓட்டம், தேசாலு கைக்கு பேட்டனைக் கொடுத்ததே ஜேகப்ஸ்தான். இரண்டு பேருக்கும் தோல் நிறம் ஒன்று என்று பேப்பர்காரர் ஒரே பெட்டிக்குள் போட்டு "புதிய இத்தாலி" என்று எழுதினார்கள். சட்டத்தின் முன்னால் இரண்டு பேரும் ஒன்றில்லை. இதைப் பிள்ளை வளர்க்கிற எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நூறுமீட்டர்

இதை எழுதியதற்கு நன்றி அண்ணா. "இரட்டைப் பாரம்பரியம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள்ளேயே இவ்வளவு தூர வித்தியாசம் இருக்கிறது.

டோக்கியோ முடிந்ததும் இத்தாலிய ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஜொவான்னி மலகோ, விளையாட்டுப் பிள்ளைகளுக்காவது குடியுரிமையைச் சீக்கிரம் கொடுங்கள் என்று கேட்டார். அது நல்ல தொடக்கம்தானே?

பலெர்மோவிலிருந்து

அவர் நல்ல மனதோடு கேட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நன்றாக ஓடுவாள், இளையவனுக்கு விளையாட்டில் விருப்பமே இல்லை, வரைவான். ஓடுகிற பிள்ளைக்கு முதலில் கொடுப்பம் என்றால் வரைகிற பிள்ளைக்கு என்ன சொல்ல? பதக்கம் கொண்டு வரக்கூடிய பிள்ளைதான் எங்கட பிள்ளை என்று நாடு சொன்னால், மற்றப் பிள்ளையின் மனதில் அது எப்படி விழும்? பிறந்த ஊர் இரண்டு பேருக்கும் ஒன்று, ஆசிரியரும் ஒன்று.

2025 ஜூனில் வாக்கெடுப்பு வைத்தார்கள், குடியுரிமை கேட்கிறதுக்கான வதிவிடக் காலத்தைப் பத்து வருசத்திலிருந்து ஐந்தாகக் குறைக்கலாமா என்று. பாதிப்பேர்கூட வாக்களிக்க வராததால் செல்லாமல் போனது. டோக்கியோ கைதட்டல் அந்த வாக்குச்சாவடி வரைக்கும் வரவில்லை.

ஸ்பைக்கு

அண்ணா, இதில் எனக்கு மாற்றுக்கருத்து. எல்லோருக்கும் கிடைக்காது என்றால் சிலருக்குக்கூட வேண்டாம் என்பதா? ஓட்டக்காரனுக்கு வயது முக்கியம். 18 வரைக்கும் ஐரோப்பிய ஜூனியர் போட்டிகளில் சேரமுடியாமல் இருந்தால் அந்த வருடங்கள் திரும்பி வராது. ஓவியம் வரைகிற தம்பி முப்பது வயதிலும் வரையலாம். கதவு கொஞ்சம் திறந்தால் அடுத்தவருக்கும் திறக்கும் என்றுதான் நான் பார்க்கிறேன்.

பலெர்மோவிலிருந்து

நீங்கள் சொல்லுகிற வயது விசயம் உண்மை. என் மகளைப் பார்க்கும்போது எனக்கும் அந்த அவசரம் இருக்கு. என்றாலும் என் மனம் மாறவில்லை.

வேகநடை

ஜப்பானைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அங்கே இதே வாதம் பல வருடமாக நடக்கிறது.

2016 ரியோவில் ஜப்பான் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கியபோது, கடைசி ஓட்டத்தில் உசேன் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஓடியவர் அசுக்கா கேம்பிரிட்ஜ். அப்பா ஜமைக்கர், அம்மா ஜப்பானியர், ஜமைக்காவில் பிறந்து குழந்தையிலேயே ஒசாக்கா வந்துவிட்டார். 37.60, அப்போது ஆசிய சாதனை. ஆனால் அந்த வெள்ளிக்குக் காரணம் கேம்பிரிட்ஜின் "ஜமைக்கா கால்" இல்லை. ஜப்பான் அணி பேட்டனைக் கீழிருந்து மேலாகக் கைமாற்றும் முறையைப் பல வருடம் பழகியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ரியோவில் ஓடிய நாலு பேரில் ஒருவர்கூட அந்த நாள் வரை பத்து நொடிக்குள் ஓடியதில்லை. நாலு பேர் சேர்ந்து அமெரிக்காவையும் கனடாவையும் முந்தினார்கள்.

அப்துல் ஹக்கீம் சனி பிரவுன் இன்னொருவர். அப்பா கானா நாட்டவர், அம்மா ஜப்பானியர். 2015இல் கொலம்பியாவின் காலி நகரில் உலக இளையோர் போட்டியில் 100, 200 இரண்டிலும் தங்கம், 200இல் போல்ட் வைத்திருந்த போட்டிச் சாதனையை உடைத்தார். பிடி டீச்சருக்கு இது பிடிக்கும்: சனி பிரவுனின் அம்மாவே இளவயதில் தடை ஓட்டம் ஓடியவர். ஆனால் பேட்டி காணப் போகிறவர்கள் முதலில் கேட்பது கானாவைப் பற்றித்தான்.

பிடி_டீச்சர்

அப்படிச் சொல்லுங்க! அம்மாவின் பேரை எடுக்க ஒருத்தராவது வந்தீர்களே.

கணக்குப்பிள்ளை

பேச்சோடு பேச்சாக ஒன்று. இத்தாலியில் பயிற்சி எடுத்து வந்த இன்னொருவர் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்: இலங்கையின் யுபுன் அபேகோன். 2022 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லா ஷோ த ஃபோனில் 9.96. பத்து நொடிக்குள் வந்த முதல் தெற்காசியர். அதே வருடம் பர்மிங்காம் காமன்வெல்த்தில் வெண்கலம். அவருக்கு இரட்டைப் பாரம்பரியம் எதுவும் இல்லை. ஆனால் அதே இத்தாலி மைதானங்கள், அதே பயிற்சி முறை. ரத்தம் பற்றிப் பேசுபவர்கள் இந்த 9.96ஐ எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

ஸ்பைக்கு

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜேகப்ஸ் டோக்கியோவுக்குப் பிறகு என்ன செய்தார்? "ஒருநாள் ஜெயித்தார்" என்ற வாதத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தாண்டுகுழி

சொல்கிறேன்.

2022 மார்ச், பெல்கிரேட், உலக உள்ளரங்கம், 60 மீட்டர். உலக சாதனைக்காரர் கிறிஸ்டியன் கோல்மனும் இவரும் ஒரே நேரம், 6.41. ஆயிரத்தில் மூன்று பங்கு நொடி வித்தியாசத்தில் இவருக்குத் தங்கம், கூடவே ஐரோப்பிய சாதனை. அந்த வருடம் யூஜினில் உலகப் போட்டி, அரையிறுதிக்கு முன் தொடைக் காயத்தால் விலகினார். ஆகஸ்டில் மியூனிக், ஐரோப்பியத் தங்கம், 9.95.

2023 மோசமான வருடம். இஸ்தான்புல் உள்ளரங்கப் போட்டியில் சொந்த நாட்டுப் பையன் சாமுவேலே செக்கரெல்லியிடம் தோற்று வெள்ளி. புடாபெஸ்ட் உலகப் போட்டியில் தனி ஓட்டம் அரையிறுதியோடு சரி, தொடர் ஓட்டத்தில் வெள்ளி. அந்த இலையுதிர் காலத்தில் கமோசியை விட்டுவிட்டு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் பயிற்சிக்குப் போனார். பிறந்த நாட்டுக்கு முதன்முதலாக வாழப் போனதே அப்போதுதான்.

2024 ஜூன், ரோம், சொந்த மண்ணில் ஐரோப்பியப் போட்டி. ஜேகப்ஸ் 10.02 தங்கம், சித்துரு அலி 10.05 வெள்ளி. அலி ஆப்பிரிக்கப் பெற்றோருக்குக் கோமோவில் பிறந்தவர். பலெர்மோ அண்ணன் சொன்ன இரண்டு வழிகளும் அன்றைக்கு ஒரே மேடையில் நின்றன.

அப்புறம் பாரிஸ் ஒலிம்பிக். ஐந்தாம் இடம், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் நேரம் 9.85! அதே 9.85ஐ டோக்கியோ இறுதியில் ஓடியிருந்தால் வெண்கலம். மூன்று வருடம் தொடைக் காயத்தோடு மல்லுக்கட்டி, இருபத்தொன்பது வயதில், வரலாற்றிலேயே மிக வேகமான இறுதிகளில் ஒன்றில் ஓடிய 9.85 அது. பட்டத்தைக் காக்க வந்தவர் ஐந்தாவது என்று ஒற்றை வரியில் எழுதினார்கள். எனக்கு அவருடைய ஓட்டங்களில் டோக்கியோவுக்கு அடுத்தபடியாகப் பிடித்தது அதுதான்.

தம்பி, ஒருநாள் ஜெயித்தவருக்கு இவ்வளவு பதக்கம் எப்படி?

ஸ்பைக்கு

சரி, அந்தக் கட்சியை விட்டுவிட்டேன். மரபணு கட்சியில் கொஞ்சம் மீதம் இருக்கிறது, அது வேறொரு நாள்.

புதியவன்_திருச்சி

இழை முழுக்க ஒரே மூச்சில் படித்தேன். நான் கல்லூரியில் 100 மீட்டர் ஓடுகிறேன், தொடக்கம் ரொம்ப மோசம். ஜேகப்ஸின் எந்த ஓட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பயன்படும்?

தாண்டுகுழி

தொடக்கம்தான் பிரச்சினை என்றால் டோக்கியோவை விட்டுவிடு தம்பி. பெல்கிரேட் 60 மீட்டரைப் பார். கோல்மன் உலகத்தின் மிகச் சிறந்த தொடக்கக்காரர், அவருக்கு எதிராக ஜேகப்ஸ் பிளாக்கிலிருந்து எழும்புவதை மெதுவாக ஓடவிட்டு, முதல் ஏழெட்டு அடி மட்டும் பார். தலை எப்போது நிமிர்கிறது என்று கவனி. நம் பிள்ளைகள் மூன்றாவது அடியிலேயே நிமிர்ந்துவிடுகிறார்கள், உன்னுடைய கோளாறும் அதுவாகத்தான் இருக்கும். உன் தொடக்கத்தைப் பக்கவாட்டிலிருந்து யாரையாவது மொபைலில் எடுக்கச் சொல்லி இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.

புதியவன்_திருச்சி

நன்றி சார். ஞாயிற்றுக்கிழமை மைதானம் போனதும் எடுத்துப் போடுகிறேன்.